விரவுத்திணை ஊர்தி இலக்கணம்

பாயிரம்

காராகத் தொடங்கி லாரியாக முடியும் அமெரிக்க வண்டிகளை, அவற்றிலும் பந்தய வேகத்துக்கென்று பெரிய எஞ்சின் ஏற்றியவற்றை, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு வாங்க நினைப்போர்க்காக இந்நூல் செய்யப்பட்டது. பாயிரமின்றி நூல் தொடங்கினால் புலவர்கள் சினப்பார்கள். எனவே சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டையும் முதலில் சொல்லி முடிப்போம்.

ஆக்கியோன் பெயர்: கடன் கொடுத்தவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லவில்லை.

வழி: முதல்நூல் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் திங்கட்கிழமை பன்றி ஏற்றிச் சந்தைக்கும் போக ஒரே வண்டி வேண்டும் என்று ஓர் உழவர் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பது வரலாறு. லூ பேண்ட் என்ற இளைஞர் வரைந்து கொடுக்க, 1934இல் ஜீலாங் ஆலையிலிருந்து முதல் 'யூட்' வந்தது. வழிநூல், 1957 மாடலாக அமெரிக்க ஃபோர்டு விட்ட ராஞ்செரோ. அதைப் பார்த்துச் செவ்ரோலெட் செய்த சார்புநூல், 1959இன் எல் காமினோ. மூன்றும் ஒன்றையொன்று மறுக்காமல் பின்பற்றியவை.

எல்லை: வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம், தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடம், மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே வங்கக்கடல். கிழக்கு எல்லையை உப்புக்காற்று மதிப்பதில்லை. அது துருவியலில் கூறப்படும்.

நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு: நூற்பா சிறிது, உரை பெரிது. நுதலிய பொருள்: ராஞ்செரோ, எல் காமினோ ஆகிய இரண்டும் அவற்றின் சுற்றமும். கேட்போர்: வாங்குவதென்று முடிவு செய்து வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள். பயன்: ஏமாறாமை, அது இயலாதபோது, எந்த வகையில் ஏமாந்தோம் என்று பெயர் சொல்லத் தெரிதல்.

1. திணையியல்

ஆளை ஏற்றுவது உயர்திணை ஊர்தி;
சரக்கை ஏற்றுவது அஃறிணை ஊர்தி;
முன்னால் ஆளும் பின்னால் சரக்கும்
கொண்டு வருவது விரவுத் திணையே.

உரை: காரும் பஸ்ஸும் உயர்திணை. லாரியும் டிராக்டர் டிரெய்லரும் அஃறிணை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் வருவது மூன்றாவதில். சாத்தன் என்ற பெயர் ஆளுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. சாத்தன் வந்தான் என்றால் ஆள், சாத்தன் வந்தது என்றால் மாடு. இத்தகைய விரவுப்பெயர்க்குப் பெயரைப் பார்த்துத் திணை சொல்ல இயலாது, வினையைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பது இலக்கணிகள் கண்ட முடிவு. எல் காமினோவும் அத்தகையதே. முன்பாதி செவ்ரோலெட்டின் செவெல் கார், பின்பாதி திறந்த இரும்புப் பெட்டி. நிற்கும்போது அதன் திணை தெரியாது. என்ன செய்கிறது என்று பார்த்தபின்பே தெரியும். இந்நூல் முழுவதும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது.

'எங்க வண்டி வந்துட்டாரு' என்று உரிமையாளர்கள் சொல்லக் கேட்கிறோமே எனின், அது உவப்பினால் வந்த திணை வழு; அமைத்துக்கொள்க.

இனி, ஊர்திகள் நகர்வனவும் நகராதனவும் என இரண்டு. நகராதனவற்றுள் தலையாயவை மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள். ஏழாம் நூற்றாண்டில் பாறையைச் செதுக்கி ஐந்தையும் பல வடிவில் செய்தார்கள். திரௌபதி ரதம் குடிசை, பீம ரதம் நீண்ட கூடம், சகாதேவ ரதம் யானையின் முதுகு. மாடலுக்கு ஒன்று வீதம் நிறுத்திவைத்த காட்சியகம் போன்றதே அது. அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக முடிக்கப்படவில்லை. மெக்கானிக் ஷெட்டில் கட்டை கொடுத்து நிறுத்திய பழைய கார்கள் நகராதனவற்றின் மற்றொரு வகை. புதுப்பிக்கத் தொடங்கி நிறுத்தியவர்கள் பல்லவர்களை எண்ணித் தேறுதல் கொள்ளலாம்.

நகர்வனவாகிய விரவுத்திணை ஊர்திகள் பிறப்பால் நான்கு.

முதலாவது, காராகப் பிறந்து பின்புறம் லாரியாக நீண்டவை. ராஞ்செரோவும் எல் காமினோவும் இவை. ராஞ்செரோ பெரிய காரில் தொடங்கி, 1960இல் சிறிய ஃபால்கனுக்கு இறங்கி, பிறகு ஃபேர்லேன், டொரினோ என ஏறி 1979இல் முடிந்தது. எல் காமினோ இரண்டே ஆண்டு விற்று 1960இல் நின்றது. 1964இல் செவெல் உடம்போடு மறுபிறவி எடுத்து 1987 வரை வாழ்ந்தது. அதே வண்டி ஜி.எம்.சி. கடையில் ஸ்பிரிண்ட் என்றும் கபாலெரோ என்றும் வேறு பெயரில் விற்றது.

இரண்டாவது, லாரியாகப் பிறந்து காராக உயர்ந்தவை. 1988இல் வந்த டாடா மொபைல் பிக்கப்பின் அடித்தளத்தின் மேல்தான் 1991இல் சியராவும் அடுத்த ஆண்டு எஸ்டேட்டும் எழுந்தன. இந்நூலின் எல்லைக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையில் பூட்டிய எண்டெவர், ரேஞ்சர் பிக்கப்பின் சட்டத்தின் மேல் கட்டியது. ராஞ்செரோவை உலகுக்குத் தந்த நிறுவனம் செங்கல்பட்டுச் சீமைக்கு வந்து, எஸ்கார்ட், ஐகான், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் என்று கால் நூற்றாண்டு கார் செய்தது. ஆயினும் காரை லாரியாக்கவில்லை, லாரியைக் காராக்கியது. பிறகு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022இல் நிறுத்தியது. செவ்ரோலெட் அதற்கு முன்பே, 2017இல், இந்திய விற்பனையை மூடிவிட்டது. ஆகவே இந்நூல் பேசும் இரு குலத்துக்கும் இங்கே தாய்வீடு இல்லை என்பது பெறப்படும்.

மூன்றாவது, அறுவையால் ஆனவை. அம்பாசடரின் கூரையை முன்சீட்டுக்குப் பின்னால் அறுத்து, தகடு அடித்துப் பெட்டி கட்டுவது. இதில் நுட்பம் ஒன்று உண்டு. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கூரையை அறுத்தால் வலுவும் அறுபடும். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டுக்கோ தனிச் சட்டம் உண்டு. அதன்மேல் எதையும் கட்டலாம். அறுக்கத் தகுந்த கார் ஜி.எஸ்.டி. சாலையிலேயே பிறந்திருக்க, ஊரெல்லாம் அறுக்கத் தகாத காரை அறுத்தது.

நான்காவது, தான்தோன்றி. சென்னைத் தெருக்களின் மீன்பாடி வண்டி இது. முன்னால் பெட்டி, பின்னால் ஆள், நடுவில் ஏதோ ஒரு பழைய ஸ்கூட்டரின் எஞ்சின். இதற்கு மாடலும் இல்லை, ஆண்டும் இல்லை. கடவுளைப் போல முதலும் முடிவும் அறியப்படாதது.

இந்த நால்வகையை உலக அரசுகள் ஏற்கவில்லை. சுங்கத் துறைக்கு ஆள் ஏற்றும் கார் 8703, சரக்கு ஏற்றும் வண்டி 8704. இடையில் எண் இல்லை. 1964 முதல் அமெரிக்கா இறக்குமதிச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழி இது; பெயரே கோழி வரி. அதைத் தாண்ட ஜப்பானின் சுபாரு 1970களின் இறுதியில் தன் பிராட் பிக்கப்பின் பெட்டிக்குள் பின்நோக்கிய இரு பிளாஸ்டிக் இருக்கையைப் பொருத்தி வைத்தது. இருக்கை வந்ததும் லாரி காராயிற்று, அஃறிணை உயர்திணையாயிற்று. இரண்டு இருக்கையால் திணை மாறுமோ எனின், எப்படி என்பது நமக்கு வேண்டாம். மாறியது என்பதே சான்று.

2. வலியியல்

வல்லினம் மெல்லினம் இடையினம் என்றாங்கு
எஞ்சின் மூவகை, ஏட்டில் எழுதிய
குதிரைகள் எல்லாம் சாலையில் ஓடா.

உரை: ஆறு சிலிண்டர் மெல்லினம். 1970 எல் காமினோவின் அடிப்படை எஞ்சின் 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர். அம்பாசடரின் 1489 சி.சி.யோடு பழகிய நமக்கு இதுவே இடியோசை. அமெரிக்கர்கள் இதைக் காய்கறி வாங்கப் போவோர்க்கென்று வைத்திருந்தார்கள். எட்டுச் சிலிண்டரில் சிறியவை, செவ்ரோலெட்டின் 350உம் ஃபோர்டின் 351உம், இடையினம். கிடைப்பனவற்றுள் உதிரிப் பாகம் எளிதில் வாங்கக்கூடியதும் இவ்வினமே. அறிவுடையோர் இதை நாடுவர்.

வல்லினம் பெரிய எட்டு. சூப்பர் ஸ்போர்ட் என்பதன் சுருக்கமாகிய எஸ்.எஸ். பெயரில் வந்த 396, 454 ஆகியன செவ்ரோலெட் பக்கம். 428, 429 கோப்ரா ஜெட் ஃபோர்டு பக்கம். 1970 எஸ்.எஸ். 454இல் எல்.எஸ்.6 என்ற எஞ்சின் ஏறினால் 7.4 லிட்டர், 450 குதிரை. அதே ஆண்டு ராஞ்செரோவில் 429 கோப்ரா ஜெட்டுக்கு 370 குதிரை எழுதினார்கள்.

எழுதினார்கள் என்றதனால், எழுத்து வேறு ஓட்டம் வேறு என்பது பெறப்படும். அக்காலத்தில் ஏர் ஃபில்டர், சைலன்சர், டைனமோ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை மேடையில் அளந்தார்கள். 1972இலிருந்து வண்டியில் இருப்பதுபோலவே பூட்டி அளந்தார்கள். அந்த ஆண்டு 454க்கு அச்சான எண் 270. முந்தைய ஆண்டே கம்ப்ரெஷனைக் குறைத்ததும் ஒரு காரணம், அளவுமுறை மாறியது பெருங்காரணம். ஆகவே 1970 வண்டிக்கும் 1972 வண்டிக்கும் எண்ணை மட்டும் ஒப்பிட்டு விலை பேசுவோர் காகிதக் குதிரை வாங்குவோராவர். பெயரும் நம்பத் தக்கதன்று. 1970இன் 396 உள்ளே அளந்தால் 402 கன அங்குலம். பெயர் விற்றுக்கொண்டிருந்ததால் மாற்றவில்லை.

எல்.எஸ்.6 எஞ்சினின் கம்ப்ரெஷன் 11.25. ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று செய்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் போயிற்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் இளக்கும். எரிபொருள் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றாமல் இவ்வண்டியை எடுப்பது மாமல்லபுரம் போகாமல் கோவளத்திலேயே நிற்பதற்கு வழி. வால்வு இருக்கைகளும் ஈயமின்மைக்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும்.

வலி எதற்கு என்று வினவுவார்க்கு ஓர் ஒப்பீடு. 2005இல் வந்த டாடா ஏஸ், ஊரார் குட்டி யானை என்று அழைப்பது, 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரை. ஏற்றுவது முக்கால் டன். எல்.எஸ்.6 எல் காமினோவுக்குக் குதிரை இருபத்தெட்டு மடங்கு, எஞ்சின் பத்து மடங்குக்கு மேல். சட்டப்படி ஏற்றக்கூடிய எடையோ குட்டி யானையை எட்டாது. திருக்கழுக்குன்றத்தில் தர்பூசணி ஏற்றப் போவோர் இவ்வியலை இங்கேயே மூடிவிடலாம்.

சுமையில்லாமல் ஓட்டும்போது இன்னொரு குறை. எஞ்சின் முன்னால், உந்துவது பின் சக்கரம், அதன்மேல் வெறும் பெட்டி. மிதித்தால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. மழையில் வால் முன்னே வரப் பார்க்கும். சரக்கு இருந்தால்தான் இவ்வண்டி ஒழுங்காக ஓடும். சரக்கு ஏற்றினால் பெயின்ட் போகும் என்று உரிமையாளர் ஏற்றமாட்டார். முரண் இங்கே தொடங்குகிறது.

3. போலியியல்

முன்னால் போலியும் நடுவில் போலியும்
பின்னால் போலியும் முற்றும் போலியும்
என நான்கு என்ப எஸ்.எஸ். போலி.

உரை: எழுத்துக்குச் சொன்ன போலியே வண்டிக்கும். முதற்போலி: கிரில்லில் எஸ்.எஸ். சின்னமும் பானட்டில் கறுப்புக் கோடும். இணையத்தில் வாங்கி ஓரிரவில் ஒட்டலாம். இடைப்போலி: உடம்பு பழையது, எஞ்சின் வேறு வண்டியிலிருந்து வந்தது. கடைப்போலி: பின்பெட்டியும் டெயில்கேட்டும் மாற்றியது. மூன்றும் சேர்ந்தால் முற்றுப்போலி. அதற்குத்தான் விலை அதிகம் கேட்பார்கள், ஏனெனில் செலவு அதிகம் ஆகியிருக்கும்.

தெளிவது எப்படி? 1968இல் எல் காமினோ எஸ்.எஸ். தனி மாடல், வண்டி எண் 138 என்று தொடங்கும். சின்னத்தை ஒட்டலாம், எண்ணை ஒட்ட முடியாது. 1969 முதல் எஸ்.எஸ். என்பது விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பொருள். வண்டி எண் அதைச் சொல்லாது. அப்போது பிறப்புச் சான்றைத் தேட வேண்டும். ஆலையில் எந்த வண்டிக்கு எதைப் பூட்டுவது என்று அச்சிட்ட தாளைத் தொழிலாளர்கள் பெட்ரோல் டேங்கின் மேலும் சீட்டு ஸ்பிரிங்குகளுக்குள்ளும் விட்டுவிடுவார்கள். ஐம்பது ஆண்டு கழித்து டேங்கை இறக்கிப் பார்ப்பவர்க்கு அது கிடைப்பதுண்டு. கோடிக்கணக்கான சொத்துப் பத்திரத்தைப் பீரோவில் வைத்தும் தொலைக்கும் நம்மவர்க்கு, டேங்க் மேல் கிடந்த தாள் தப்பியது வியப்பாக இருக்கும்.

ஃபோர்டு நேர்மையானது. 1970இன் வண்டி எண்ணில் ஐந்தாவதாக வரும் எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். சி அல்லது ஜே இருந்தால் 429 கோப்ரா ஜெட். வேறெழுத்து இருக்க, 'ஒரிஜினல் கோப்ரா ஜெட் சார்' என்று தரகர் சொன்னால், அது தரகர் கூற்று, வண்டியின் கூற்றன்று.

4. துருவியல்

தோன்றல் திரிதல் கெடுதல் என்று
துருவின் புணர்ச்சி மூவகைப் படுமே;
இயல்பாய் நிற்றல் கரைக்கண் இல்லை.

உரை: இரும்பும் ஈரமும் காற்றும் புணர்ந்தால் துரு. உப்பு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் அப்புணர்ச்சி விரையும். தோன்றல் என்பது பெயின்டுக்கு அடியில் சிறு கொப்புளம் எழுவது. திரிதல் என்பது தகடு செதிளாகிக் கையோடு வருவது. கெடுதல் என்பது தகடு இருந்த இடத்தில் தார்ச்சாலை தெரிவது. கொப்புளத்தைக் கண்டதும் சுரண்டாமல் அதன்மேல் பெயின்ட் அடிப்போர் இரண்டு பருவமழைக்குள் மூன்றாம் நிலையை அடைவர்.

துரு ஒளியும் இடங்கள்: பின்கண்ணாடியின் அடிவிளிம்பு, பெட்டியின் முன்மூலைகள், சக்கர வளைவுக்குப் பின்புறம், கதவின் அடி. இவற்றோடு, எல் காமினோவின் சீட்டுக்குப் பின்னால் பெட்டியின் தளத்துக்கு அடியில் ஒரு மறைகுழி உண்டு. அமெரிக்கர்கள் அதைக் கடத்தல்காரன் பெட்டி என்பார்கள். அதில் கடத்தப்படுவது பெரும்பாலும் தண்ணீர்.

துரு வந்தபின் இரு குலமும் வேறுபடும். எல் காமினோவுக்குத் தனிச் சட்டம் உண்டு. உடம்பு துருப்பிடித்தாலும் சட்டம் நல்லதாக இருந்தால் உயிர் உண்டு. 1971 வரையிலான டொரினோ ராஞ்செரோவுக்கு உடம்பே சட்டம். அடித்தகடு கெட்டால் வண்டி கெட்டது. 1972இல்தான் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. கடலோரம் குடியிருப்போர் இதை நன்றாக மனத்தில் வாங்குக.

மறைக்கும் முறை பட்டி. காணும் கருவி காந்தம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் நகர்த்தினால், இரும்பிருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டியிருக்கும் இடத்தில் நழுவும். இது குறித்து ஒரு வினாவிடை:

'அண்ணே, இந்தப் பக்கம் காந்தம் ஒட்டலையே?'

'காந்தம் வீக்கா இருக்கும் தம்பி.'

'அந்தப் பக்கம் ஒட்டுச்சே?'

'அது வேற கம்பெனி தகடு. அமெரிக்காக்காரன் அப்பவே ரெண்டு பக்கமும் வேற வேற போடுவான்.'

'பின்னாடி கதவுலயும் ஒட்டலை.'

'கதவையா பாத்து வாங்குவாங்க? எஞ்சினைக் கேளு தம்பி, எஞ்சினை. ஸ்டார்ட் பண்ணட்டுமா?'

எஞ்சின் ஓசையைக் கேட்டபின் காந்தத்தைப் பையில் போட்டவர்கள் பலர். வலியியலைப் படித்தவர் துருவியலை மறப்பது இவ்விடத்தில்தான். ஆகவே காந்தம் ஓட்டி முடியும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடலாகாது என்பது விதி.

மீன் ஏற்றுவது பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோவளத்தில் வஞ்சிரமும் சங்கராவும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஏற்றுகிறார்கள். உருகி வடிவது உப்பு நீர். அதை இரட்டைத் தகட்டுச் சுவருள்ள பெட்டிக்குள் விடுவது தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் ஒரே கோடையில் நடத்திக் காட்டும்.

5. கொள்வோரியல்

ஏற்றுவோர் காட்டுவோர் திருத்துவோர் காப்போர்
எனக்கொள் வோர்தாம் நால்வகைப் படுவர்.

உரை: ஏற்றுவோர் அரியர். சவுக்குக் கட்டையோ, மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தின் கருங்கல் நந்தியோ ஏற்ற வேண்டுமென்று எல் காமினோ வாங்கினவர் யாரும் இலர். இலக்கணத்தில் வகை விடுபடக் கூடாதென்று சேர்த்தோம்.

காட்டுவோர் பலர். ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய், காபி குடித்து, படமெடுக்க வருவோர்க்கெல்லாம் 'ஆமா, செவன் பாயின்ட் ஃபோர் லிட்டர்' என்று சொல்லித் திரும்புவர். 2019இல் எல் காமினோ என்ற பெயரில் ஆங்கிலப் படம் வந்தபின், அதைப் பார்த்தவர்கள் இவ்வகைக்குப் புதிதாகச் சேர்ந்தனர்.

திருத்துவோர் வண்டியை ஓட்டுவதில்லை, கழற்றுகிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிப் பாகக் கடைகளில் தேடிக் கிடைக்காததை லேத்தில் கடைந்து, அங்கும் ஆகாததை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, வந்ததும் அளவு தவறென்று கண்டு மறுபடி எழுதுவர். வண்டி முடிந்துவிட்டால் வாடிவிடுவர், ஆகவே முடிப்பதில்லை. நால்வருள் அறிவு மிக்கவர் இவரே. டிங்கர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர் என்று ஒரு தெருவையே வாழவைப்பவரும் இவரே.

காப்போர் முதலீடு என்பர். தார்ப்பாய் போட்டு மூடி, விலை ஏறுமென்று காத்திருப்பர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளே தங்கித் துருதான் ஏறும்.

நால்வருக்கும் பொதுவாக ஒரு தடை உண்டு. அது வீட்டில் எழும்.

'ஏங்க, இதுல எத்தனை பேரு உக்காரலாம்?'

'மூணு பேரு. நெருக்கி உக்காந்தா.'

'நாம அஞ்சு பேரு.'

'...'

'அத்தையை எங்க உக்கார வைப்பீங்க? பின்னாடி பெட்டியிலயா?'

சரக்குப் பெட்டியில் ஆளேற்றுவது குற்றம் என்பதால், இவ்வினாவுக்குச் சட்டம் அனுமதிக்கும் விடை இல்லை. விரவுத்திணை ஊர்தி உயர்திணையாகவும் முழுமையாகப் பயன்படாது என்பதற்கு இதுவே சான்று.

6. விதியியல்

வினையால் அறியும் திணையை, வினையைச்
சட்டம் தடுப்பின் திணையும் போமே.

உரை: 1950க்கு முன் செய்த வண்டிகளைத்தான் பழங்கார் என்று இறக்குமதி செய்யலாம் என்பது நெடுநாள் விதி. 2025இல் மாற்றினார்கள், ஐம்பது ஆண்டு நிறைந்தவை வரலாம் என்றார்கள். எனவே 1970 எல் காமினோவும் அதே ஆண்டின் ராஞ்செரோவும் இப்போது வாசலுக்குள். வரி மிகக் கனமானது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

வந்தபின் பதிவு. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதி பழம்பெரும் வாகனங்களுக்கென்றே ஆனது. ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். சட்டம், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் பெருமாற்றம் கூடாது. அறுவையால் ஆன மூன்றாம் வகையும் எஞ்சின் மாறிய இடைப்போலியும் இவ்வாசலில் நின்றுவிடும். படிவம் 20, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி, புதுப்பிக்க 5,000. எண் பலகையில் மாநிலத்தின் எழுத்தும் அதை அடுத்து வி.ஏ. என்பதும் வரும். செங்கல்பட்டின் 19 அதில் வராது. ஊர்ப்பற்று மிக்கோர் பொறுத்துக்கொள்க.

ஸ்டீயரிங் இடப்பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, விதித்த சைகைக் கருவி பூட்டி அது வேலை செய்யும் நிலையில் இருந்தாலன்றி அத்தகைய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாகாது என்கிறது. சட்டம் முடிந்தபின் சாலை தொடங்கும். முன்னால் போகும் புதுச்சேரி பஸ்ஸை முந்த வேண்டுமானால், இடப்பக்கம் இருப்பவர்க்கு எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் அமர்ந்தவர் தலையை நீட்டி 'வா, வா, வா' என்று சொல்ல வேண்டும். அதாவது 450 குதிரை வண்டிக்கும் லாரியைப் போல ஒரு கிளீனர் தேவை. அஃறிணைக் குணம் இவ்வண்டியில் இந்த ஒன்றில்தான் எஞ்சி நிற்கிறது.

ஏனெனில் விதி மேலும் ஒன்று சொல்கிறது. வி.ஏ. எண் பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டலாகாது, வணிகத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் இவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். தர்பூசணிக்கும் மீனுக்கும் கருங்கல்லுக்கும் இப்பட்டியலில் இடமில்லை. திணையியலில் சொன்ன விதியை இங்கே பொருத்துக: வினையைப் பார்த்துத் திணை சொல்க. சரக்கேற்றும் வினையைச் சட்டம் எடுத்துவிட்டபின் பின்பெட்டி வினையற்ற வெறும் பெயர். உலகச் சுங்கத் துறைகள் ஒரு முடிவுக்கு வராத வழக்கை இந்திய மோட்டார் விதி முடித்துவிட்டது. எல் காமினோ இந்தியாவில் பதிவான அன்றே முழு உயர்திணை.

புறனடை

இங்கே சொல்லாத வகைகள் இன்னும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் தமிழர் ஓட்டும் பக்கியும், இலங்கையில் யாழ்ப்பாணத்தார் ஓட்டும் கெப்பும், பிரேசிலில் இன்றும் புதிதாக விற்கும் ஃபியட் ஸ்ட்ராடாவும் அவரவர் நாட்டு உரையாசிரியர்க்கு உரியவை. அமெரிக்காவில் எல் காமினோ 1987இலும், ஆஸ்திரேலியாவில் ஃபால்கன் யூட் 2016இலும், ஹோல்டன் யூட் 2017இலும் முடிந்தன.

முடிந்த முடிபு இது. சரக்கு ஏற்ற வேண்டியவர் குட்டி யானை வாங்குக. அது எந்தத் திணைக் குழப்பமுமின்றி முக்கால் டன் ஏற்றும். பார்த்து மகிழ வேண்டியவர், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிக்குப் போய்ப் பிறர் செலவில் மகிழ்க. இரண்டுக்கும் உடன்படாமல் வாங்கியே தீருவேன் என்பவர், இடையின எஞ்சினும் தனிச் சட்டமும் உள்ள எல் காமினோவை, கடலை விட்டு நெடுந்தூரத்தில் வாழ்ந்ததை, கூரையுள்ள கொட்டகையில் நிறுத்தும் வசதியோடு வாங்குக. முன்பணம் கொடுக்குமுன் டேங்கை இறக்கிப் பாருங்கள், வண்டி எண்ணைப் படியுங்கள், காந்தத்தை ஓட்டுங்கள், கடைசியாக வீட்டில் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.